அங்கீகரிக்கப்பட்ட ஐந்து மீட்டர்

ஒரு ஹெக்டேரில் இத்தனை டன் மக்காச்சோளம் விளைகிறது என்று யாராவது மேடையேறி முழங்கினால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் நம்மில் யாருக்கும் இல்லை. முளை சாரும் கேட்டதில்லை. அவர் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அந்த எண் அவருடைய தோள்பையிலிருந்துதான் வந்தது.

பைக்குள் நாலு இரும்பு முளை, ஒரு சுத்தியல், ஒரு சாக்கு, ஒரு தொங்கு தராசு, ஒரு கயிறு. அவர் பயிர்ப் புள்ளிவிவரத் துறையில் கள அளவர். அறுவடை நெருங்கியதும் துறையிலிருந்து ஒரு சீட்டு வரும். இன்ன வயல், வடகிழக்கு மூலையிலிருந்து இத்தனை தப்படி நேரே, இத்தனை தப்படி குறுக்கே என்று அதில் இருக்கும். அந்த இடத்தில் முளையடித்துக் கயிற்றைச் சுற்றினால் பக்கத்துக்கு ஐந்து மீட்டரில் ஒரு சதுரம் கிடைக்கும். சதுரத்துக்குள் நிற்கும் கதிரையெல்லாம் ஒடித்து, மணியை உதிர்த்து, காயவைத்து, நிறுத்து, வந்த எடையை நானூறால் பெருக்கினால் ஒரு ஹெக்டேரின் மகசூல். பன்னிரண்டு வயலில் இப்படிச் செய்து சராசரி போட்டால் வட்டத்தின் மகசூல். அதற்கு மேல் அது அறிக்கையாகி, வரைபடமாகி, அமைச்சரின் பேச்சாகிவிடும். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை. ஒரு கதிரைக்கூட அவர் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

நாலு முளையைத் தூக்கிக்கொண்டு அலைவதால் அவர் முளை சார். துணை இயக்குநருக்குக் கோபம் வந்தால் மட்டும் அந்தப் பெயர் கொஞ்சம் நீளும். "உங்களுக்கு முளை இருக்கு, மூளைதான் இல்லை" என்பார். வருடத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் தோன்றியதுபோல அவரே சிரித்தும் கொள்வார்.

அளப்பதற்கு டேப் இருக்க, கயிறு எதற்கு என்று கேட்பீர்கள். டேப் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அது ஒரு டிராக்டர் சக்கரத்தில் சிக்கி மூன்று துண்டாயிற்று. புது டேப் வேண்டும் என்று எழுதிப் போட்டார். பழையதை ஒப்படைத்தால்தான் புதியது என்று பதில் வந்தது. ஒப்படைத்தார். 'தங்களுக்கு வழங்கியது டேப் ஒன்று, தாங்கள் ஒப்படைத்தது மூன்று. கூடுதலாக உள்ள இரண்டு எப்படி வந்தன என்று விளக்கவும்' என்று அடுத்த கடிதம் வந்தது. அவர் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறார். அதற்குள் அறுவடை வந்துவிட்டதால், நல்ல முறுக்குள்ள பருத்திக் கயிறாக வாங்கி, இரும்புக் கடையில் வைத்து அளந்து, ஐந்து மீட்டருக்கு ஒன்றாக நாலு முடிச்சுப் போட்டு வளையமாக்கினார். துணை இயக்குநரும் இருப்புப் பதிவேட்டில் 'கயிறு ஒன்று, பக்கம் ஐந்து மீட்டர், அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் புது விதை வந்தது. மக்காச்சோளத்தின் தண்டைத் துளைத்துக் குடலை உருவும் ஒரு புழு உண்டு. மண்ணில் இருக்கும் ஏதோ ஒரு நுண்ணுயிரியின் மரபணுவை எடுத்து விதைக்குள் வைத்துவிட்டால், அந்தச் செடியைக் கடித்த புழு செத்துப்போகும். நாடு முழுக்க இந்த விதையை விடலாமா என்று பார்க்க, முதலில் முளை சாரின் வட்டத்தில் மட்டும் விட்டார்கள். பாதிப்பேர் வாங்கி விதைத்தார்கள். மீதிப்பேர் 'அணுகுண்டெல்லாம் என் வயலில் வேண்டாம்' என்றார்கள். மரபணுவில் இருக்கும் அணு வேறு, குண்டில் இருக்கும் அணு வேறு என்று எடுத்துச் சொல்ல ஒரு குழு வந்தது. அது போனபிறகு, அணு இருக்கிறது என்பதை அவர்களே ஒத்துக்கொண்டார்கள் என்று பேச்சு பரவிற்று.

அந்த வருடம் முளை சார் வழக்கம்போல முளையடித்து, நிறுத்து, பெருக்கினார். பல வருடமாக ஆறு டன்னில் படுத்துக் கிடந்த மகசூல் ஆறரையாகிவிட்டது. எட்டு சதவீத உயர்வு. மறுவருடமும் அதே ஆறரை.

நாடே இரண்டுபட்டது. புது விதைக்காகப் பேசியவர் ஒரு பெண் விஞ்ஞானி. எந்தக் கேள்வி கேட்டாலும் "எட்டு சதவீதம்" என்றே தொடங்குவார் என்பதால் அவருக்கு எட்டு டாக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. எதிர்த்துப் பேசியவருக்கு மண்வாசனை என்று பெயர். ஆறாவது மாடியில் குடியிருந்தார், லிஃப்ட் வேலை செய்யாத நாளில் கூட்டத்துக்கு வரமாட்டார், ஆனால் பேச ஆரம்பித்தால் நமக்கே மூக்கில் மண் ஏறும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. புது விதை போட்ட வயலிலும் எட்டு ஏறியிருந்தது, பழைய விதை போட்ட வயலிலும் எட்டு ஏறியிருந்தது. சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தலையைச் சொறிவார்கள். அவர்கள் இருவரும் அறிஞர்கள், சொறியவில்லை. புது விதை புழுவை ஒழித்ததால் பக்கத்து வயலுக்கும் பலன் கிடைத்தது என்றார் எட்டு டாக்டர். நாங்கள் சொல்லிக் கொடுத்த மக்கு உரம்தான் பழைய விதையைத் தூக்கிவிட்டது, அந்த மண்ணின் சத்து வரப்பைத் தாண்டிப் புது விதைக்கும் போய்விட்டது என்றார் மண்வாசனை. எட்டு யாருடையது என்பதில்தான் சண்டை. எட்டு உண்டா என்பதில் இல்லை. இதற்காகத் தேநீர்க் கடையில் நாற்காலி பறந்தது, ஒரே பேருந்தில் வந்த சம்பந்திகள் தனித்தனிப் படியில் இறங்கினார்கள். முளை சார் மட்டும் யார் என்ன கேட்டாலும் "நான் அளக்கறவன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நடப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாடே தன் எண்ணைப் பிடித்துத் தொங்கினால் யாருக்குத்தான் இருக்காது.

அந்தப் பெருமைக்கு ஆப்பு, தங்கச்சி வீட்டிலிருந்து வந்தது.

தங்கச்சி, வட்டத்து நிலம் முழுவதையும் வைத்திருக்கும் கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்திடம் அரை ஹெக்டேருக்குச் சற்று மேல் நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தாள். நெடுந்தூர லாரி ஓட்டும் மாப்பிள்ளை மாதத்தில் இருபது நாள் வெளியில் இருப்பார். நிலம் அவள் பொறுப்பு, அவள் கர்வம், அவள் பேச்சு எல்லாம். ஒரு மத்தியானம் முளை சார் போனபோது அவள் களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்காரும் பிறவியே இல்லை அவள். ஒரு பழுப்புக் கடிதத்தை நீட்டினாள்.

'வட்டச் சராசரி மகசூலைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் குறைவாக விளைவித்துள்ளீர்கள். சங்க விதிப்படி தங்கள் குத்தகை இம்மாதம் பதினைந்தாம் தேதியுடன் ரத்து செய்யப்பட்டு, நிலம் திறமையான வேறொருவருக்கு வழங்கப்படும்.'

"உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"ஆறுதாண்ணே. எப்பவும் வர்ற ஆறு. முதல் வருஷம் புது விதை போட்டேன், ஆறு. போன வருஷம் பழைய விதைக்கே திரும்பினேன், அப்பவும் ஆறு."

"ஊரெல்லாம் ஆறரை எடுக்குதே?"

"அதான் எனக்கும் புரியல."

இந்த இடத்தில் முளை சார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தன் எண்ணின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை, கூடப் பிறந்தவள்மேல் இருக்கவில்லை. "நீ இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்மா. எங்கயோ கோட்டை விட்டிருக்க. தண்ணி நேரத்துக்குக் கட்டினியா? களையை விட்டுட்டியா?" என்று கேட்டார்.

அவள் களைக்கொத்தைக் கீழே போட்டாள். "நீயுமா?" என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "ரெண்டு வருஷமா ராப்பகலா அதையேதாண்ணே நினைச்சுப் பாக்கறேன். எங்க தப்புப் பண்ணினேன், எங்க தப்புப் பண்ணினேன்னு. பக்கத்து வயல்காரங்க முகத்தைப் பாக்கவே கூச்சமா இருக்கு. அவங்கெல்லாம் ஆறரை எடுத்துட்டு எவ்வளவு அடக்கமா நடக்கறாங்க தெரியுமா? ஒருத்தர்கூட வாயைத் திறந்து பீத்திக்கல."

முளை சார் கீழே கிடந்த களைக்கொத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பேச்சை மாற்ற, புது விதை எப்படி இருந்தது என்று கேட்டார்.

"மருந்தடிக்கற வேலை பாதியாச்சு, அது நிஜம். ஆனா அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து வைக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. இதை யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன். எல்லாரும் எட்டைப் பத்தித்தான் கேட்டாங்க."

அவர் சங்க அலுவலகத்துக்குப் போனார். எப்படியாவது கெஞ்சி ஒரு பருவம் அவகாசம் வாங்கலாம் என்று எண்ணம். எழுத்தர் மேசைமேல் பழுப்புக் கடிதங்களின் நகல்களைக் குவித்து வைத்துக் கோப்பில் கோத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேருக்கு அனுப்பினீங்க?"

"நாப்பத்திரெண்டு சார்."

"குத்தகைக்காரங்க மொத்தம் எத்தனை?"

"நாப்பத்திரெண்டு."

முளை சார் அவரையே பார்த்தார். எழுத்தர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி, "ரொம்ப மோசமான வட்டம் சார் இது. ஒருத்தர்கூட சராசரியை எட்டல" என்றார்.

"எல்லாருமே சராசரிக்குக் கீழ எப்படிங்க இருக்க முடியும்?"

"கஷ்டப்பட்டு உழைக்காட்டி முடியும் சார்" என்றார் எழுத்தர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சங்கத்தின் எடைமேடையில் ஏறும் சோளம் ஒரு துறை, முளை சாரின் சதுரத்தில் விளையும் சோளம் வேறொரு துறை. இரண்டு துறைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நாற்பத்திரண்டு பேரும் தனக்கு மட்டும்தான் கடிதம் வந்திருக்கிறது என்று நினைத்து, வெட்கத்தில் வீட்டு ஆட்களிடம்கூடச் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அடக்கம் என்று தங்கச்சி நினைத்தது அதைத்தான்.

முளை சார் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எடைமேடை அரசு முத்திரை பெற்றது, வருடா வருடம் சோதிக்கப்படுவது. தொங்கு தராசை அவரே போன மாதம்தான் படிக்கல் வைத்துப் பார்த்தார். பெருக்கல் இரண்டு தடவை போடுவார். மிச்சம் ஒன்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தார். கயிறு இல்லை.

"மொட்டை மாடியில இருக்குங்க" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

மாடியில், தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் ஆன்டெனா கம்பிக்கும் நடுவே, துறையின் அங்கீகாரம் பெற்ற கயிறு இரட்டையாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதன்மேல் நாலு கம்பளிப் போர்வைகள் தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கின. நடுவில் கயிறு தொய்ந்து, ஒரு போர்வையின் நுனி தரையைத் தொட்டது.

"எத்தனை நாளா இது நடக்குது?"

"நாளா? பழைய கொடி அறுந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்ககிட்ட எத்தனை தடவை வாங்கிட்டு வரச் சொன்னேன். நீங்க அறுவடைக்குக் கிளம்பறதுக்கு முன்னால கழட்டிச் சுருட்டிப் பையில வச்சுடறேன், இல்லையா? ஒரு நாளாவது தவறியிருக்கேனா?" என்றாள் மனைவி. பிறகு பெருமையாகச் சொன்னாள். "நல்ல கயிறுங்க. எவ்வளவு பாரம் போட்டாலும் அறுந்து போகல. இழுத்துக் கொடுத்துக்கிட்டே இருக்கு."

அவர் போர்வைகளைக் கைப்பிடிச் சுவரில் தள்ளிவிட்டு, தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து மனைவியின் டேப்பை எடுத்து வந்தார். முழங்கால் போட்டு, முடிச்சுக்கு முடிச்சு அளந்தார். ஒரு பக்கம் ஐந்து மீட்டர் இருபது சென்டிமீட்டர். மறுபக்கமும் அப்படியே. நாலு பக்கமும் ஒழுங்காக, ஒற்றுமையாக நீண்டிருந்தன. ஐந்தே கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சதுரத்தில் அறுத்த சோளத்தை ஐந்து மீட்டர் சதுரத்துச் சோளம் என்று இரண்டு வருடமாக நானூறால் பெருக்கியிருக்கிறார். சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தார். எட்டு புள்ளி ஒன்று ஆறு சதவீதம் வந்தது.

விதையுமில்லை, மக்கு உரமுமில்லை.

மனைவி சுவரையும் கயிற்றையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி, சட்டென்று பிடித்துக்கொண்டாள். "அப்ப ரெண்டு வருஷமா நாட்டுல கூடுதலா விளைஞ்சது என் போர்வையாலயா?"

அவருக்குத் தங்கச்சியைப் பார்த்துத் தண்ணி நேரத்துக்குக் கட்டினியா என்று கேட்டது நினைவுக்கு வந்து, தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை துணை இயக்குநர் முன்னால் போய் நின்றார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். பதினஞ்சாம் தேதிக்குள்ள நாப்பத்திரெண்டு பேர் நிலம் போயிடும் சார். சராசரியைத் திருத்தி ஒரு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா..."

"அந்த எட்டை நம்பி மூணு மாநாடு நடந்திருக்கு. ஆதரவா ரெண்டு, எதிர்ப்பா ஒண்ணு. ஏழு பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்காங்க. பதினாலாம் தேதி நகர மண்டபத்துல கருத்துக் கேட்புக் கூட்டம், நாடு முழுக்க விதையை விடறதா வேண்டாமான்னு முடிவு. இப்ப வந்து கொடி, போர்வைங்கறீங்க. உங்களுக்கு முளை இருக்கு..." என்று ஆரம்பித்தவர், இந்தத் தடவை முடிக்கக்கூட இல்லை. "வாயைத் திறக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

இருபத்திரண்டு வருடத்தில் முளை சார் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. பதினாலாம் தேதி கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு வரிசை முன்னால் தங்கச்சி. கடிதத்தை எட்டாக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள். அவளைச் சுற்றி இருந்த குத்தகைக்காரர்கள் எல்லோருடைய உள்ளங்கையும் அதேபோல மூடித்தான் இருந்தது.

மேடையில் எட்டு டாக்டர் எழுந்து, "எட்டு சதவீதம்" என்று தொடங்கினார். பசித்த உலகத்துக்கு இந்த எட்டு என்ன செய்யும் என்று அரை மணி நேரம் விளக்கினார். பிறகு மண்வாசனை எழுந்தார். எட்டை நமக்கு மண் கொடுத்தது, அதை ஆய்வுக்கூடம் திருடப் பார்க்கிறது என்று கண் கலங்கினார். இரண்டு பக்கமும் கைதட்டல். யாராவது கேள்வி கேட்க விரும்புகிறீர்களா என்று துணை இயக்குநர் ஒப்புக்குக் கேட்டுவிட்டு ஒலிவாங்கியை அணைக்கப் போனார்.

முளை சார் எழுந்துவிட்டார். மேடைவரை நடந்து, பையிலிருந்து கயிற்றை எடுத்து, எட்டு டாக்டரின் தண்ணீர் பாட்டிலுக்கும் மண்வாசனையின் மண் குவளைக்கும் நடுவில் வைத்தார்.

"அந்த எட்டு விதையில இல்லங்க. மண்ணுலயும் இல்ல. இதுல இருக்கு. இது என் வீட்ல கொடி கட்டி நீண்டுபோன கயிறு. பக்கத்துக்கு இருபது சென்டிமீட்டர் கூட. அளந்தது நான், தப்பு என்னுது. மகசூல் ஏறவே இல்ல. எப்பவும்போல ஆறுதான். இங்க உக்காந்திருக்கற நாப்பத்திரெண்டு பேரும் சோம்பேறி இல்ல, ஒழுங்காத்தான் விளைவிச்சிருக்காங்க. தயவுசெஞ்சு அவங்க நிலத்தைப் பிடுங்காதீங்க."

குத்தகைக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். முதலில் ஒரு கை திறந்தது, பிறகு பக்கத்துக் கை, கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்கப் பழுப்புக் காகிதமாக இருந்தது. "உனக்குமா? உனக்குமா?" என்று ஒரே இரைச்சல். தங்கச்சி மட்டும் திரும்பி அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் கோபமும் இருந்தது, இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதியும் இருந்தது.

மேடையில் அதைவிடப் பெரிய அதிசயம் நடந்தது. இரண்டு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத எட்டு டாக்டரும் மண்வாசனையும் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுத்தார்கள்.

எட்டு டாக்டர் சொன்னார்: "ஒரு தனிநபர் தன் வீட்டு மாடியில், தையல் டேப்பால் செய்த சோதனையை அறிவியல் ஏற்காது. அந்த டேப் அங்கீகரிக்கப்பட்டதா?"

மண்வாசனை சொன்னார்: "இது பருத்திக் கயிறு. இயற்கையானது. செயற்கை டேப் பொய் சொல்லும், இயற்கை சொல்லாது. கயிற்றை நான் நம்புகிறேன்."

எட்டு இல்லாமல் போனால் இருவருக்கும் தொழிலே இல்லை என்பது முளை சாருக்கு அப்போதுதான் உறைத்தது. துணை இயக்குநர் இருப்புப் பதிவேட்டை வரவழைத்து, பக்கத்தைப் புரட்டி, தன் கையெழுத்தைத் தானே பார்த்துத் திருப்திப்பட்டார். "பக்கம் ஐந்து மீட்டர், அங்கீகரிக்கப்பட்டதுன்னு தெளிவா இருக்கு. புது டேப் வர்ற வரைக்கும் இந்தக் கயிறுதான் ஐந்து மீட்டர். இதுல ஆட்சேபணை யாருக்காவது உண்டா?"

"எனக்கு இல்லைங்க" என்று தங்கச்சி எழுந்தாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கயிறு சரின்னு நீங்களே சொல்லிட்டீங்க. ரொம்ப சந்தோஷம். அப்ப என் நிலத்தையும் அதே கயித்தால அளந்து கொடுங்க. சோளத்துக்கு ஒரு கயிறு, நிலத்துக்கு ஒரு கயிறுன்னு ரெண்டு வைக்காதீங்க. அளந்துட்டு அப்புறம் சொல்லுங்க, எனக்கு விளைச்சல் குறைவா இல்லையான்னு."

மேடையில் இருந்தவர்கள் இதில் என்ன இருக்கிறது என்று யோசிப்பதற்குள், மற்ற நாற்பத்தோரு பேரும் "எங்களுக்கும், எங்களுக்கும்" என்று எழுந்துவிட்டார்கள். மறுத்தால் கயிறு தப்பு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். துணை இயக்குநருக்கு வேறு வழியில்லை. தங்கை நிலத்தை அண்ணன் அளப்பது விதிக்கு விரோதம் என்று முளை சார் தயங்கியபோது, "அளக்கறது கயிறு, நீங்க இல்ல" என்று அதட்டினார்.

அன்று சாயங்காலமே அளந்தார்கள். ஆவணப்படி தங்கச்சியின் வயல் நீளம் நூற்று நாலு மீட்டர், அகலம் ஐம்பத்திரண்டு. அங்கீகரிக்கப்பட்ட கயிற்றின்படி நீளம் நூறு, அகலம் ஐம்பது. அரை ஹெக்டேர், பிசிறே இல்லை. அதே சோளத்தைச் சிறுத்துப்போன நிலத்தால் வகுத்தால் ஹெக்டேருக்கு ஆறரை டன். அவள் ஒரே சாயங்காலத்தில் திறமையான விவசாயி ஆகிவிட்டாள். ஒரு வாரத்துக்குள் நாற்பத்திரண்டு பேரும் ஆகிவிட்டார்கள். கடிதங்களைச் சங்கம் திரும்ப வாங்கிக்கொண்டது. எழுத்தர், "பயமுறுத்தினாத்தான் சார் உழைக்கறாங்க" என்றார். தங்கச்சி அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். இரண்டாம் தடவை சோறு வைக்கும்போது, "இனிமே உன் கணக்கைவிட என்னை நம்பு" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே சரி என்றார். அன்று அவருக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல அரசாங்கம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அடுத்த மாதம் ஒரு ஆணை வந்தது. பழைய ஆவணத்தில் தங்கச்சியின் நிலம் ஐயாயிரத்து நானூற்று எட்டு சதுர மீட்டர். புது அளவையில் ஐயாயிரம். ஆக, நானூற்று எட்டு சதுர மீட்டர் உரியவர் இல்லாத உபரி நிலம். நாற்பத்திரண்டு பேரின் உபரியையும் மீட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையில் எட்டு டாக்டர் புது விதையையும், மறு பட்டையில் மண்வாசனை பழைய விதையையும் விதைத்து, எட்டு சதவீதம் யாருடையது என்று அறிவியல் முறையில் முடிவு செய்ய வேண்டும். அதுவரை நாடு முழுக்க விதையை விடும் பேச்சு ஒத்திவைக்கப்படுகிறது. இரு தரப்பும் இதை வரவேற்றிருக்கின்றன.

முளை சார் ஆணையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "சார், அந்த நானூத்தி எட்டு காகிதத்துலதான் மிச்சம். மண்ணுல இல்ல. இதை எடுத்தா அவங்க உழுதுக்கிட்டிருக்கற நிலத்துலேருந்துதான் எடுக்கணும்."

"காகிதத்துல இருக்கறது மண்ணுலயும் இருந்தாகணும்" என்றார் துணை இயக்குநர். "போய் முளையடிங்க."

காலை வெயிலில் தங்கச்சி வயலின் ஓரத்தில் சுத்தியலும் முளையுமாக அவர் நின்றார். விதைப்புக்கு உழுது போட்டிருந்த மண் புரண்டு கிடந்தது. அளப்பதற்கு ஆள் போதாததால் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க தங்கச்சியே வந்தாள். வரப்பிலிருந்து உள்ளே, அவள் உழுத சாலுக்குள் முதல் முளையை வைத்தபோது அவருக்குச் சுத்தியலை ஓங்க மனம் வரவில்லை.

"அடிண்ணே. நீ அடிக்காட்டி வேற யாராவது வந்து இன்னும் உள்ள தள்ளி அடிப்பாங்க" என்றாள் அவள்.

அவர் அடித்தார். இரண்டாவது மூலைக்குப் போய், முடிச்சைப் பிடித்து, பழக்க தோஷத்தில் கயிற்றை விறைப்பாக இழுத்தார்.

"மெதுவா பிடிண்ணே" என்று மறுமுனையிலிருந்து தங்கச்சி சொன்னாள். "அது இன்னும் நீண்டுச்சுன்னா எனக்கு நிக்க இடம் இருக்காது."